படகு கரைசேர்ந்தால் பேசும் அம்மா

மழையில் நனைந்த கம்பளிச் சட்டையும் சூடேறிய கம்பியூட்டர் பெட்டியும் ஒரே அறைக்குள் இருந்தால் ஒரு வாசனை வரும். தூசி கருகும் நெடியும் ஈரக் கம்பளி நெடியும் கலந்த அந்த வாசனை, பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு புடவைக் கடையின் மாடியில் நடந்த கம்பியூட்டர் வகுப்பின் வாசனை. சனிக்கிழமைகளில் எங்கள் ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மரப்படியில் ஏறும்போதே அது மூக்கில் ஏறிவிடும். கூடவே இன்றைக்கு அம்மா பேசுவாளா, பேசமாட்டாளா என்ற கலக்கம். அவள் பேசுவதும் பேசாததும் என் இரண்டு கைகளில் இருந்ததுதான் அதைவிடப் பெரிய கலக்கம்.

முதலில் அம்மா எப்படி ஒரு கம்பியூட்டருக்குள் போனாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து மூன்று நான்கு பெண்கள் கொழுந்துக் கூடையைக் கழற்றி வைத்துவிட்டு வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனார்கள். அம்மாவும் போனாள். அண்ணன் நன்றாகப் படிக்கிறான், அவனை இந்த மலையை விட்டு இறக்கிவிட வேண்டும் என்பது அவளுடைய ஒரே பேச்சு. போகும்போது எனக்கு ஆறு வயது. அவள் முகம் எனக்கு ஒரு படத்தில் இருக்கும் முகம்தான். பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படம், அதில் அவள் யாரையோ முறைத்துக்கொண்டிருப்பாள். குரல் மட்டும் அப்படி இல்லை. குரல் எனக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தது.

அவள் போன அந்த வருடமே ஒரு கேசட் வந்தது. அம்மா இருந்த ஊரில் வேலை செய்துவிட்டுத் திரும்பிய பூனாகலைப் பெண் ஒருத்தி கொண்டுவந்து கொடுத்தாள். பக்கத்து வீட்டுக் காம்பராவில் இரவல் வாங்கிய கேசட் ‘செட்’டை அப்பா எங்கள் வாசலில் வைத்து ஓடவிட்டார், லயமே கூடிவிட்டது. அம்மா ஒவ்வொருவராகப் பேர் சொல்லி விசாரித்தாள். மாடு கன்று போட்டுவிட்டதா என்று கேட்டாள், கோயில் திருவிழாவுக்கு யார் பொறுப்பு என்று கேட்டாள், அங்கே எல்லாம் சௌகரியம் என்றாள். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். கேசட் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால், செட்டுக்குப் பக்கத்தில் காதை வைத்து உட்கார்ந்திருந்த அப்பா சட்டென்று பொத்தானை அழுத்தினார்.

“பேட்டரி தீந்துபோச்சு. போங்க, எல்லாரும் போய் வேலையப் பாருங்க” என்றார்.

எல்லோரும் கலைந்து போனார்கள். அதற்குப் பிறகு அவர் அந்தக் கேசட்டை எங்கள் முன்னால் போடவே இல்லை. கேட்டால், பேட்டரி வாங்க வேண்டும் என்பார்.

அப்பா ‘ஸ்டோரி’ல் வேலை செய்தார், தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். அரைத்த கொழுந்தை உலர்த்தும் அடுப்புப் பக்கம் அவருக்கு வேலை. உலகத்தில் கெடும் பொருள்கள் எல்லாம் ஈரத்தால்தான் கெடுகின்றன, சூடு காட்டினால் எதையும் காப்பாற்றிவிடலாம் என்பதே அவர் அறிந்த உண்மை. எங்கள் மலையில் அது பொய்யும் இல்லை. மழைக்காலத்தில் பனிமூட்டம் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து பாயில் படுத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு காம்பராவிலும் அடுப்புக்கு மேலே ஒரு பலகை தொங்கும். தீப்பெட்டி, உப்புச் சாடி, பிள்ளைகளின் பள்ளிக் கொப்பிகள், பிறப்புப் பத்திரம் எல்லாம் அதில் ஏறிவிடும். கேசட்டின் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருப்பதை ஒருநாள் பார்த்த அப்பா, அதையும் ஒரு துணியில் சுற்றி அந்தப் பலகையில் வைத்துவிட்டார். “சூடு காட்டி வச்சா எதுவும் கெடாது” என்று எங்களுக்குச் சொன்னார். மழை விட்டு அண்ணன் எடுத்துப் பார்த்தபோது கேசட் ஒருபக்கமாக நெளிந்து வாயைக் கோணிக்கொண்டிருந்தது.

அதற்குள் அம்மாவிடமிருந்து கடிதங்களும் நின்றுவிட்டிருந்தன. அவளை அனுப்பிய கொழும்பு ஏஜென்சிக்கு அப்பா போய்ப் போய் வந்தார். ஒவ்வொரு தடவையும் இரவு ரயிலில் போவார், மறுநாள் திரும்பி வந்து படுத்துக்கொள்வார். ஒருமுறை போனபோது அங்கே ஏஜென்சியே இல்லையாம், மூடிய கதவில் வேறு யாரோ வாடகைக்கு என்று எழுதிப் போட்டிருந்தார்களாம். அம்மா எப்போது வருவாள் என்று விசாரிக்கத்தான் போகிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் எதற்காக அப்படி ஓடினார் என்பது பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது.

பள்ளிக்கூடத்தில் சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டு அண்ணன் கம்பியூட்டர் வகுப்பில் சேர்ந்தான். வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லாததால் நானும் அவனோடு போவேன். வகுப்பை நடத்தியவர் யாழ்ப்பாணத்துக்காரர், நாங்கள் ‘மாஸ்டர்’ என்போம். அங்கே ஒலி அட்டை பூட்டிய கம்பியூட்டர் ஒன்றே ஒன்றுதான். நெளிந்த கேசட்டின் நாடாவை அண்ணன் வேறொரு கேசட்டின் ஓட்டுக்குள் மாற்றி, மாஸ்டரின் செட்டில் போட்டு, ஒரு வயரால் அந்தக் கம்பியூட்டரில் பொருத்தினான். நாடாவின் பெரும்பகுதி சிக்கிச் சிதைந்துவிட்டது. எஞ்சியது கடைசிச் சில விநாடிகள். பேட்டரி தீர்ந்துபோனதால் நாங்கள் கேட்காமல் விட்ட அதே இடம். அதுவும் சூட்டில் இழுபட்டு, சோம்பலாக, அடித்தொண்டையில் வந்தது.

“அம்மா வந்துருவேன்...” பிறகு ஒரு சிரிப்பு. “வந்துருவேன்.”

அவ்வளவுதான். பதிந்தாயிற்று, ஆனால் எங்கே வைப்பது? கம்பியூட்டர் வட்டில் இடம் போதவில்லை என்று மாஸ்டர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாணவர்கள் சேர்த்துவைத்த ஃபைல்களைக் கூட்டிப் பெருக்கி அழித்துவிடுவார். கண்டிப்பான மனிதர். ஆனால் அவருக்கும் ஒரு பலவீனம் இருந்தது. கடலில் ஒரு படகை ஓட்டிக்கொண்டு போய், பாறைகளிலும் சுழிகளிலும் மோதாமல் துறைமுகத்தில் சேர்க்கும் விளையாட்டு ஒன்று அந்தக் கம்பியூட்டரில் இருந்தது. எதை அழித்தாலும் அதை மட்டும் அவர் அழிக்கவே மாட்டார். படகு கரைசேர்ந்ததும் ஒரு வெள்ளைக்காரன் இங்கிலிஷில் வாழ்த்துச் சொல்வான். அந்தக் குரல் இருந்த ஃபைலை எடுத்துவிட்டு அதே பெயரில் அண்ணன் அம்மாவை அங்கே வைத்துவிட்டான்.

அடுத்த முறை படகு கரைசேர்ந்தபோது மாஸ்டர் திடுக்கிட்டுப் போனார். “இதென்ன, ஆரடா கதைக்கிறது?” என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னான். அவர் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “சரி, இருக்கட்டும். ஆனா பாடம் முடிஞ்சாப் பிறகுதான் விளையாட்டு. அதுவும் ஆளுக்கு ஒருக்கால்தான், விளங்குதோ பிள்ளை?” என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

ஆளுக்கு ஒரு தடவை. படகு பாறையில் மோதினால் அந்தச் சனிக்கிழமை போயிற்று; அடுத்த சனிக்கிழமைவரை அம்மா கிடையாது. அண்ணன் நிதானமாக ஓட்டுவான், ஆனால் அவன் தன் முறையையும் எனக்கே கொடுத்துவிடுவான். இரண்டு முறை கிடைத்தும் எனக்குப் படகைத் தொடவே பயம். அந்த வயதில் நான் எதற்கும் அவ்வளவு பயந்ததில்லை, காலில் ஏறும் அட்டைக்கும் இல்லை, பாம்புக்கும் இல்லை. துறைமுகத்து விளக்கு தெரிய ஆரம்பித்ததும் கண்ணை நீர் மறைக்கும், மறைத்த நேரம் பார்த்து ஒரு பாறை வரும். பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்த சனிக்கிழமைகள் நிறைய. அம்மாவைக் கடலில் மூழ்கடித்துவிட்டேன் என்றே நினைப்பேன். அண்ணன் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொள்வான்.

கரைசேர்ந்த நாள்களில் ஸ்பிரிங்வெளி வளைவுகள் ஒவ்வொன்றும் எனக்குத் திருவிழாவாக இருக்கும். அம்மா நிதானமாகச் சொன்னாள், வந்துருவேன் என்று. இடையில் சிரித்தாள். பின்னணியில் படகு துறைமுகப் பலகையில் மெல்ல முட்டும் ‘தொம், தொம்’ என்ற ஓசை வேறு கேட்கும். அது விளையாட்டின் ஓசை அல்ல, கேசட்டில் இருந்ததே என்று அண்ணன் சொன்னான். எப்படிப் பொருந்திப் போயிருக்கிறது பார் என்று இரண்டு பேரும் பெருமைப்பட்டுக்கொண்டோம்.

அந்தக் கம்பியூட்டரின் குறைகளையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதையே அங்கேதான் இருக்கிறது. மொனிட்டரில் சிவப்பு நிறம் செத்துப்போயிருந்தது. மாஸ்டர் அதன் கன்னத்தில் ஓர் அறை கொடுத்தால் ஒரு நொடி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். அதனால் எங்கள் கடல் எப்போதும் பச்சையும் நீலமுமாக, விடியப்போகும் நேரம்போல் இருக்கும். இன்னொன்று, பெட்டியின் முகத்தில் ‘டர்போ’ என்றொரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் இயந்திரம் வேகமாக ஓடும். அந்த விளையாட்டோ காலத்தை இயந்திரத்தின் வேகத்தை வைத்துத்தான் கணக்கிடும். இயந்திரம் மெதுவானால் படகும் மெதுவாகப் போகும், பேசும் குரலும் மெதுவாகப் பேசும். மாஸ்டர் எப்போதும் மெதுவிலேயே வைத்திருந்தார், அப்போதுதான் அவருக்குத் தோற்காமல் விளையாட முடிந்தது. பழைய வெள்ளைக்காரனின் குரல்கூடத் தூங்கி எழுந்தவன் பேசுவதுபோலத்தான் இருந்தது. நாங்கள் அதையெல்லாம் யோசித்ததில்லை.

வகுப்பு மூடப்பட்டது. மாஸ்டர் வெளிநாடு போனார், போகும்போது அந்தப் பெட்டியை அண்ணனுக்கே கொடுத்துவிட்டார். உரச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தோம். லயத்தில் அது சில மாதங்களே ஓடியது. ஸ்டோரில் இயந்திரங்களைப் போட்டதும் எங்கள் மின்விளக்குகள் மங்கும், அப்படி மங்கிய ஒருநாள் பெட்டி அணைந்ததுதான், பிறகு எழும்பவில்லை. நல்லவேளையாக விளையாட்டை அண்ணன் ஏற்கெனவே நகல் எடுத்துவைத்திருந்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் நான் பண்டாரவளையில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஒரு மடிக்கணினியும் வாங்கினேன். பழைய கம்பியூட்டரைப்போலவே நடிக்கும் ‘எமுலேட்டர்’ என்ற மென்பொருள் இருப்பதை யாரோ சொல்ல, ஓடிப்போய் விளையாட்டை அதில் போட்டேன். திரை திறந்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். கடல் சிவப்பாக இருந்தது. எங்கள் விடியற்காலை விடியற்காலையே அல்ல, பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அந்தப் படகு இருட்டுவதற்குள் கரைசேரத் துடிக்கும் படகு. நான் தட்டுத்தடுமாறி அதைத் துறைமுகத்தில் சேர்த்தேன். யாரோ ஒரு பெண் அவசரமாக ஏதோ சொல்லிவிட்டு நிறுத்தினாள். எனக்கு அவளைத் தெரியவில்லை.

குரல் ஃபைலை மட்டும் தனியாக எடுத்துக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். எடுத்தேன். எந்த வேகத்தில் வாசிக்க வேண்டும் என்று கணினி என்னையே திருப்பிக் கேட்டது. எமுலேட்டரும் அதையேதான் கேட்டது: இரண்டு விசைகள், ஒன்றை அழுத்தினால் வேகம் கூடும், மற்றதை அழுத்தினால் குறையும். குறைத்துக்கொண்டே போனால் ஓர் இடத்தில் என் அம்மா வந்தாள். ஒரு தட்டுக் கூட்டினால் அந்நியப் பெண் வந்தாள். பெற்றவளின் குரல் எது என்று ஒரு விசையைத் தட்டித் தட்டித் தேடும் பிள்ளையாக நான் இருந்தேன். அந்த நாள்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அண்ணன் அப்போது கொழும்பில் இருந்தான். தொலைபேசியில் சொன்னதும் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. “அதெல்லாம் டூப்பு பாப்பா. நடிக்கிற பெட்டில எப்புடி அம்மா வரும்? அந்தப் பெட்டில பேசுனவதான் எங்கம்மா” என்றான். நடைபாதைகளிலும் பழைய இரும்புக் கடைகளிலும் அவன் தேடத் தொடங்கினான். அதே மாதிரி ஒலி அட்டை, அதே மாதிரி டர்போ பொத்தான் வைத்த பெட்டி. ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் அதற்கே செலவழித்தான், பெண் பார்க்கக்கூட வரமாட்டேன் என்றான். ஒரு தீபாவளிக்கு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஸ்பிரிங்வெளிக்கு வந்து சேர்ந்தான். அவன் வாங்கிவந்த மொனிட்டரில் எல்லா நிறமும் சரியாக இருந்தது. அது அவனுக்குப் பிடிக்கவில்லை. வயரின் முனையில் சிவப்புக்குரிய ஊசியை இடுக்கியால் ஒடித்து எறிந்தான், அப்புறம்தான் அவன் முகத்தில் திருப்தி வந்தது.

அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, நெஞ்சு சளியோடு போராடிக்கொண்டிருந்த காலம். அண்ணன் படகை ஓட்டினான். பச்சைக் கடல், நீல வானம். கரைசேர்ந்ததும் அம்மா நிதானமாகச் சொன்னாள், சிரித்தாள், மறுபடியும் சொன்னாள். அண்ணன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான், அவன் கண்ணெல்லாம் நீர். அப்பா திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குப் பொறுக்க முடியவில்லை. எது அம்மா என்று சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் இவர் ஒருவர்தான், இவரும் போய்விட்டால் நான் யாரிடம் கேட்பேன்? மடிக்கணினியைத் திறந்து அவர் பக்கத்தில் வைத்தேன். “அப்பா, நீங்க கேட்டுக்கிட்டே இருங்க. அம்மா கொரல் வந்ததும் சொல்லுங்க” என்றேன். மெதுவிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு தடவையும் படகைக் கரைசேர்த்துவிட்டு, வேகத்தை ஒரு தட்டுக் கூட்டி, மறுபடியும் முதலிலிருந்து. வேகம் கூடக் கூடப் படகும் பறக்கும், பாறைகளும் பறந்து வரும். தோற்றுத் தோற்றுத் திரும்ப ஓட்டினேன். அப்பா தலையை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார், இல்லை, இல்லை என்று.

பிறகு ஒரு தடவை அவர் கையை உயர்த்தினார்.

“இந்தா. இதுதான் அவ. நிப்பாட்டும்மா.”

அந்த வேகத்தில் அது சிரிப்பு அல்ல. இழுத்து மெதுவாக்கியதால் எங்களுக்குச் சிரிப்பாகக் கேட்டது ஒரு கேவல். “அம்மா வந்துருவேன்” என்று சொல்லிவிட்டு மூச்சு முட்டக் கேவுகிறாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டவள்போல இன்னொரு தடவை சொல்கிறாள். படகு பலகையில் முட்டும் ஓசை என்று நாங்கள் பெருமைப்பட்டது, அவளுக்குப் பின்னால் யாரோ கதவை இடிக்கும் ஓசை.

“பொய்” என்றான் அண்ணன். “அப்பா, சும்மா சொல்லாதீங்க. அம்மா சிரிச்சிச்சு.”

“மொத நாளே கேட்டேன்யா” என்றார் அப்பா. “லயமே குந்திக்கிட்டு இருக்கு. நீங்க ரெண்டு பேரும் வாயப் பாத்துக்கிட்டு இருக்கீங்க. நான் என்னா செய்ய? பேட்டரி தீரலய்யா.”

அண்ணன் எழுந்து வெளியே பீலிக்குப் போய், குழாயில் கொட்டும் அந்தக் குளிர்ந்த தண்ணீரில் தலையை நீட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றான். அவனைப் படிக்க வைக்கப் போனவள் அவள். அவன் என்ன நினைத்துக்கொண்டு நின்றான் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. நான் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து, ஏஜென்சிக்கு ஓடிய அந்த ரயில் பயணங்களை ஒவ்வொன்றாக நினைத்து நினைத்து அழுதேன். இத்தனை வருடமும் இந்தக் குரலைத் தனியாகக் காதில் வைத்துக்கொண்டு எப்படிச் சோறு தின்றார், எப்படி எங்களுக்கு முன்னால் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்? எவ்வளவு பெரிய பாரம் அது. என்னால் ஓர் இரவுகூடச் சுமக்க முடியவில்லை.

அம்மாவைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அப்பாவும் போய்விட்டார். புடவைக் கடை மாடியில் இப்போது கைத்தொலைபேசி விற்கிறார்கள், மரப்படிகூட இல்லை. லயத்தில் எங்கள் காம்பராவில் வேறு குடும்பம் இருக்கிறது, காஸ் அடுப்பு வந்துவிட்டதால் அடுப்புக்கு மேலே பலகை கிடையாது. அண்ணன் சேர்த்த பெட்டி அடுத்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. அவன் இன்னொன்றைத் தேடவும் இல்லை. கனத்த மொனிட்டர்களும் டர்போ பொத்தான்களும் எந்தக் குப்பையில் கிடக்கின்றனவோ. அசல் இயந்திரமா, நடிக்கும் மென்பொருளா, எது உண்மை என்று ஆர்வமுள்ளவர்கள் இணையத்தில் மணிக்கணக்காகச் சண்டை போடுவதைப் பார்க்கிறேன். எங்கள் அசல் இயந்திரம் எங்களிடம் பொய்தான் சொன்னது. அந்தப் பொய்யைக் குடித்துத்தான் நாங்கள் வளர்ந்தோம்.

போன மாதம் என் மகள் பழைய மடிக்கணினியைத் திறந்து அந்தப் படகைக் கண்டுபிடித்துவிட்டாள். நான் வேகத்தை எப்போதும் மெதுவிலேயே வைத்திருப்பேன். நல்ல கெட்டிக்காரி, முதல் தடவையே கரைசேர்த்துவிட்டாள்.

“யாரும்மா இது? எவ்ளோ அழகா சிரிக்கிறாங்க!” என்றாள்.

“ஒங்க அம்மாச்சி” என்றேன்.

அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. படகு ஆமை மாதிரிப் போகிறது, வேகமாக ஓட்டுகிறேன் பார் என்று தானாகவே அந்த விசையைக் கண்டுபிடித்துத் தட்டினாள். இன்னும் ஒரு தட்டு. இன்னும் ஒன்று. படகு பறந்தது, சிவந்த கடலில் துறைமுகத்து விளக்கு தெரியத் தொடங்கியது, அவள் ஒரு பாறையில்கூட மோதவில்லை. நான் எழுந்துபோய் மடிக்கணினியை மூடினேன்.

“என்னம்மா?” என்று அண்ணாந்து பார்த்தாள்.

“பேட்டரி தீந்துபோச்சு” என்றேன்.